வெளி ஷவரின் இரண்டு திருகுகள்

வெர்லின்,

நான் லோர்னாவின் வண்டியில் இருக்கிறேன். நம் அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. சூடாக்கிக் குடி. நம் வண்டியில் அதுவாவது சூடாக இருக்கட்டும்.

ஒன்பது நாளாகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். நீயும் ஹீட்டரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிவிட்டாய். வீட்டை விற்றுவிட்டு இந்த வீட்டு வண்டியில் குடியேறியபோது நான் கேட்டது வெந்நீர் மட்டும்தான். இன்றும் வராவிட்டால் மினசோட்டாவுக்கு மகளிடமே போய்விடுவேன். இனி என்னால் முடியாது.

வண்டிகள் நிற்கும் இந்த முகாம் முழுக்க நம் கதைதான். காலையில் டுவேன் தன் மனைவி லோர்னாவிடம் சொன்னது காதில் விழுந்தது. சரி, திரைக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன்.

"பாவம், ஹீட்டரைப் பிரிச்சு மேயறான். வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்கற ஷவர்ல வெந்நீர், பச்சத்தண்ணி ரெண்டு திருகும் திறந்தே கெடக்கு. ஷவர் கைப்பிடில இருக்கற பொத்தானை மட்டும் அமுக்கித் தண்ணிய நிறுத்தியிருக்காங்க. பச்சத்தண்ணி அது வழியா உள்ள போய் வெந்நீர்ல கலந்தா எப்படிச் சுடும்?"

"போய்ச் சொல்லேன்!"

"யாரு, வெர்லின்கிட்டயா? கடிச்சுக் கொதறிடுவான்!"

அதனால் நான் சொல்கிறேன். இரண்டு திருகுகளையும் இறுக்கி மூடு.

பி.கு: நாயை அங்கே குளிப்பாட்டிவிட்டுத் திருகுகளை மூடாமல் விட்டது நான்தான். ஒன்பது நாளும் திட்டு வாங்கியது நீ.

இன்னொன்று: நானே மூடியிருப்பேன். ஆனால் அப்படிச் செய்தால் ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். நீயே மூடி, வெந்நீர் வந்ததும் "கண்டுபுடிச்சுட்டேன்!" என்று கத்து. நான் ஆச்சரியப்பட்டு ஓடி வருகிறேன். மினசோட்டா பஸ் ஐந்து மணிக்கு. தயவுசெய்து அதற்குள் கத்து.

மார்லிஸ்