நீ கொடுத்துவிட்டுப் போன குடல் துண்டு

என் செல்லத் தம்பி சுதா,

இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் போன நீ திரும்பி வராமல் எட்டு மாதமாகிறது. போன மாதம் உன் மனைவி தர்சினி அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு படிவம் கிடைத்தது. முதல் தடவை கொழும்பில் வெட்டி எடுத்த குடலில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்து நீ கையெழுத்திட்டிருந்தாய். எனக்கு ஏன் சொல்லவில்லை? அதற்கும் ஏசுவேன் என்று நினைத்தாயா?

ஏசித்தான் இருப்பேன்.

உன் குடல் அழற்சிக்கு நான் கண்டுபிடித்த காரணம் உன் வாய். துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திரம் பார்க்கிறவன், வேலை முடிந்ததும் கடையில் கொத்துரொட்டி சாப்பிடுகிறான், அதனால்தான் இரத்தமாகப் போகிறது என்று எங்கள் லிங்கநகர் முழுக்கச் சொன்னேன். நோய் தொடங்கிய புதிதில் நிலாவெளிக் கடற்கரைக்குப் போன அன்று, உன்னோடு வேலை செய்கிறவர்களும் இருக்க, நண்டுக்கறித் தட்டை உன் கையிலிருந்து பறித்தேன்.

"அக்கா, சாப்பிட்டாலும் நோகுது, சாப்பிடாட்டிலும் நோகுது. என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

"களவாத் தின்னுறவனுக்கு நோகத்தான் செய்யும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினேன். அந்த ஆராய்ச்சியில் இருக்கும் டொக்டர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. பொறுமையாகக் கதைத்தார்.

"உடம்பின்ர எல்லாக் கலத்திலயும் இருக்கிறது ஒரே மரபணுக்கள்தான் ரீச்சர். எந்த இடத்தில எது எவ்வளவு வேலை செய்யுது எண்டதுதான் வித்தியாசம். ஆளுக்காள் மரபணுவுக்குப் பக்கத்தில டி.என்.ஏ.யில ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றம் இரத்தத்தில ஒண்டும் செய்யாமல் இருந்திட்டு, குடல் சுவரில மட்டும் அந்த மரபணுவின்ர வேலையைக் கூட்டலாம், குறைக்கலாம். அதாலதான் எங்களுக்குக் குடல் துண்டே வேணும்."

"அப்ப அவன் சாப்பிட்டது?"

"சாப்பாட்டால சில நேரம் நோவு கூடலாம். ஆனா அவர் திண்டதாலதான் இந்தக் குடல் வருத்தம் வந்தது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இப்பிடிச் சின்ன மாற்றங்கள் கனக்கச் சேரவேணும். எங்களுக்கு இன்னும் தெரியாத காரணங்களும் இருக்கு."

சுதா, பதினோராம் தரத்துக்குப் பரம்பரையியல் பாடம் எடுப்பது நான். பட்டாணிச் செடியை வைத்து அத்தனை பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினேன். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த உன்னைப் பார்த்தபோது மட்டும் ஏன் அது ஞாபகத்துக்கு வரவில்லை?

"என்ர தம்பியின்ர துண்டில என்ன இருந்தது?" என்று கேட்டேன். தனித்தனியாகச் சொல்வதில்லையாம். பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போட்டுவிடுவார்களாம். நிறையப் பேரின் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியவருமாம். உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி கேட்கப் போனேன். அப்படி ஒரு வரி இல்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே அழுதேன்.

வீட்டுக்கு வந்து தர்சினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படிவத்தை வாங்கி மடித்தாள்.

"மச்சாள், அவர் கடைசி வருசம் கஞ்சிதான் குடிச்சவர். கூட்டாளிமாரோட கடைக்குப் போவார், சாப்பிடமாட்டார். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். 'அக்காவுக்கு ஒரு காரணம் வேணும், அது இல்லாட்டி அவ பயந்திடுவா' எண்டு சொன்னவர்."

நான் பயந்துவிடுவேன் என்றா அந்தப் பழியைச் சுமந்தாய்? அவ்வளவு நோவோடும் என்னையா பார்த்துக்கொண்டாய்?

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்ற உன் மகள் மிதுலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, நோகுது" என்றாள். 'என்ன திண்டனீ?' என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"எங்கையம்மா நோகுது? காட்டு."

காட்டினாள். மத்தியானம் சரியாகிவிட்டது. தகப்பனுக்கு இருந்ததால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்றில்லை என்றுதான் டொக்டர் சொன்னார். ஆனாலும் திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

இனி அவள் நோகுது என்றால் நோகுதுதான், தம்பி. அதற்கு அவளிடம் சாட்சி கேட்க யாரையும் விடமாட்டேன். என்னையும்தான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பிந்திவிட்ட,
உன் அக்கா