அட்டன் ஸ்டேஷனில் சித்தி நின்றாள்

ஊருக்கெல்லாம் கோபக்காரராகவும் எனக்கு மட்டும் சிரித்த முகமாகவும் இருந்த என் அப்பாவுக்கு,

அம்மாவை இலங்கைக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு பேத்துப்பாறை வீட்டில் அவள் வாய் திறப்பதே குறைந்துபோயிற்று. சிறுமியாகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவள், பிறந்த மண்ணை ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் என்னைப் புகழ்கிறார்கள். எனக்குத்தான் அதைத் தலைநிமிர்ந்து கேட்க முடியவில்லை.

கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்கு ரூம், டாக்ஸி, ரயில் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதானே என் தொழில். அந்தத் திமிரில் போனிலேயே எல்லாம் முடித்தேன். கொழும்பிலிருந்து கண்டி, அங்கிருந்து மலை ரயிலில் எல்ல என்கிற ஊர், பிறகு பதுளை. எந்தப் பக்க ஜன்னலில் அருவி தெரியும் என்பதுவரை விசாரித்து சீட் எடுத்தேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அட்டன்ல வண்டி நிக்குமா ஆத்தா?"

"நிக்கும்மா. கொஞ்ச நேரத்துல கெளம்பிரும்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பீர்களா?

கண்டியைத் தாண்டியதும் நான் வீடியோ எடுப்பதில் மூழ்கிவிட்டேன். அட்டன் வந்ததும் அம்மா எழுந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு நடுவே புகுந்து ஜன்னலில் தலையை நீட்டினாள். எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. "சும்மா உக்காரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அதட்டினேன்.

அவள் திரும்பவில்லை. பிளாட்பாரத்தில் அவளைப் போலவே மூக்கும் நெற்றியுமாக ஒரு கிழவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பவளம் சித்தி. குடும்பம் இங்கே வரக் கப்பலேறியபோது தாய்மாமன் வீட்டோடு அங்கேயே நின்றுவிட்ட தங்கச்சி. அம்மா அவளோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். எந்த ஊரில் இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை அப்பா.

வண்டி நகர்ந்தது. சித்தி கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு கை விட்டுப்போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டு சோலிக்கு நடுவுல நீ பாத்துப் பாத்து பிளான் போட்டுருக்க. அதைக் கலைக்கச் சொல்லவா? பாத்தாச்சுல்ல, போதும் ஆத்தா."

அதட்டியதற்கு அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்து வண்டி நின்ற தலவாக்கலையில் பெட்டிகளை இறக்கினேன். எல்லவும் பதுளையும் போகட்டும் என்று பஸ் பிடித்து அட்டனுக்கே திரும்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஸ்டேஷனுக்குக் கட்டிப்போன நல்ல சேலையைக்கூட சித்தி மாற்றவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பும்வரை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளில் ஒன்றான அவள் லயன் வீட்டிலேயே தங்கினோம். அக்காளும் தங்கையும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஓயாமல் பேசினார்கள். உங்கள் பேச்சும் வந்தது. "அவுக இருந்திருந்தா நேரா ஒன் வாசல்லதான் கொண்டாந்து விட்டுருப்பாக" என்றாள் அம்மா. என்னைக் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

இப்போது வீட்டில் அம்மாவின் குரல் கேட்கிறது. சித்தி தை மாதம் வருகிறாள். எங்கெங்கே போவது என்று அவர்கள் இருவரும்தான் பேசி முடிவு செய்கிறார்கள். சொன்ன இடத்துக்கு டிக்கெட் எடுப்பது மட்டும் என் வேலை.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி அம்மா எதைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன்னால் எதற்காகக் கேட்கிறாள் என்று கேட்பேன்.

உங்கள் படத்தின் முன் நிற்க இன்னும் கூசுகிற
மூத்த மகள்,
சுமதி