செம்பருத்தியும் பொடுதலையும்

என் சிட்டு,

உன்னைப் புதைத்த மேட்டில் நட, தோட்டக்கார ரங்கநாதன் மாமா துரை பங்களாவிலிருந்து அடுக்குச் செம்பருத்திக் கன்று கொண்டுவந்தார். இரண்டு கன்றும் மார்கழிப் பனியில் கருகிவிட்டன.

“இது துரைசானி மாதிரிம்மா. பங்களாவுல தெனம் பொழுதுசாய சாக்கு போத்துறோம்” என்றார்.

நானும் பத்து நாள் சாக்கோடு நடந்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை, கண்ணு.

யாரும் நடாத பொடுதலைதான் மேடு முழுக்கப் படர்ந்து, மண் கரையாமல் பிடித்திருக்கிறது. அதன் வெள்ளைப் பூ குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நாளைக்கு உனக்கு வருசம் திரும்புகிறது, சொந்தக்காரர்கள் வருவார்கள். ஷிப்டு முடிந்து வந்த உன் அப்பா மேட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“இன்னாமே இது? கேக்க நாதியில்லாத மாதிரி களை மண்டிக் கெடக்குது! காலையில புடுங்கிட்டு செம்பருத்தியே வைக்கிறேன்.”

“புடுங்குனா அவ மேல வெறும் மண்ணுதான்யா இருக்கும்” என்றேன். அவர் மூன்றாவது கன்று வாங்கி வாசலில் வைத்திருக்கிறார்.

பொடுதலைக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் நீ செம்பருத்தி கேட்டுத்தானே பங்களா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுவாய்?

அவர் மண்வெட்டி எடுப்பதற்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்கு எது இருக்கட்டும்?

உன் அம்மா