தாணு விலாஸ் காலண்டர்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
12-6-1953

அன்புள்ள சூடாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே கொட்டுகிற மழை. தபால்காரர் அதை மடியில் செருகிக் கொண்டு வந்ததால் எழுத்து கலையவில்லை. ஆங்கில வகுப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கினவள் இன்று கோட்டாற்றில் ஒரு கம்பெனியின் பங்குதாரர்! உன் மாமனார் பெயரால் நடக்கும் 'தாணு விலாஸ் ஸ்நானப் பொடி' எங்கள் தெருக் கடையிலும் கிடைக்கிறது. மணமாகத்தான் இருக்கிறது.

எங்கள் மாதர் நிலையத்துக்கு மெஷின் தந்து, சரக்கும் அனுப்பி, பொடியை எங்கள் பெண்களே அரைத்துப் பொட்டலம் கட்டித் தரலாமே என்று கேட்டிருக்கிறாய். "இது தர்மம் இல்லை, கூட்டு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் கமிட்டியைச் சம்மதிக்க வைத்தேன். இதுவரை எங்களைத் தேடி வந்த முதலாளிகள் பழம்புடவை மூட்டையோடு வருவார்கள். பெண்கள் வரிசையாக நின்று கும்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீதான் முதல் தடவையாக அவர்களிடம் வேலை கேட்டிருக்கிறாய்.

ஒரு வழக்கத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே அடைக்கலம் தேடி வருகிறவளிடம் ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே வந்ததும் அவளே தனக்கு ஒரு புதுப் பெயர் வைத்துக் கொள்வாள். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய பெயர் எனக்கும் கமிட்டித் தலைவி லீலாபாய் அம்மாளுக்கும்தான் தெரியும். பாதிப் பேர் புருஷனிடமிருந்து தப்பி வந்தவர்கள். உன் ஆட்கள் வந்தால் இதை மதிக்க வேண்டும்.

நீ நேரில் வருவதாகச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போகின்றன. கம்பெனி காரியமாகவாவது வா.

உன்
லலிதாம்பாள்


கோட்டாறு
3-9-1953

என் லலிதத்துக்கு,

மெஷின் ஓடுகிறது என்று எழுதியதைப் படித்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கள் பொடி எங்கள் கிடங்குப் பொடியைவிட நைசாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அவர்களே விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உன் சிநேகிதி கெட்டிக்காரிதான்" என்றார்கள். 'உன் வீட்டுக்காரர் வாயிலிருந்து அப்படி வருமா?' என்று கேட்காதே; வந்தது.

ஆனால் என் கொழுந்தனார் இருக்கிறாரே! இலையில் உட்கார்ந்தால் தினமும் இதுதான் கேலி: "அண்ணி, மெஷினத் தூக்கித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியாச்சு. அவளுக பொடி அரைக்காளுகளோ, பொறணி அரைக்காளுகளோ, யாரு கண்டா?" அவர் வாயை அடைக்க எனக்கு ஒரு படம் வேண்டும். பெண்கள் வேலை செய்கிற மாதிரி ஒரே ஒரு படம். நாகர்கோவிலிலிருந்து சத்தியநேசன் என்று ஒரு படக்காரரை அனுப்புகிறேன், தங்கமான மனுஷர். படம் எங்கள் ஆபீஸ் அறைச் சுவரைத் தாண்டாது. இதற்கு நான் பொறுப்பு. என்னை நம்பமாட்டாயா?

உன் சூடா


ஸ்ரீவராகம்
28-9-1953

அன்புள்ள சூடா,

நீ பொறுப்பு என்று எழுதியதால்தான் ஒப்புக்கொண்டேன். சத்தியநேசன் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யாருடைய முகமும் தெரியக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும், "எல்லாரும் குனிஞ்சு வேலையப் பாருங்கம்மா, எனக்கு மொகம் வேண்டாம்" என்றுதான் சொன்னார்.

சாரதா என்று நாங்கள் கூப்பிடுகிற பெண் சல்லடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. புருஷன் அடித்த அடி. படக்காரர் அந்தப் பக்கம் நின்றார். அவர் சொன்னது அவளுக்கு விழவில்லை, தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து முழு முகத்தையும் திருப்பி, "என்னது?" என்றாள். அந்த நேரம் பார்த்து வெளிச்சம் அடித்துவிட்டது. உடனே இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதில் எல்லாரும் குனிந்திருக்கிறார்கள். இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை அழித்துவிடு. மறக்காதே.

அவளோடு தங்கம் என்று ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். அங்கே படிக்கிற மலையாளப் பாட்டையெல்லாம் பொடி அரைக்கும் கொட்டகையில் வந்து பாடுகிறது. இந்த வீட்டில் பாட்டு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக் கொண்டேன்.

லலிதா


ஸ்ரீவராகம்
9-1-1954

சூடா,

இன்று கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே வெற்றிலைக் கடையில் ஒரு புதுக் காலண்டர். மேலே லக்ஷ்மி, கீழே எங்கள் பெண்கள். நடுவில் சாரதா என்னைப் பார்த்து "என்னது?" என்று கேட்கிறாள். படத்துக்கு அடியில், "ஆதரவற்ற அபலைகளின் கரங்களால், ஸ்ரீவராகம் மாதர் நிலையம், திருவனந்தபுரம். தாணு விலாஸ் வாங்குங்கள், புண்ணியம் பெறுங்கள்" என்று அச்சாகியிருக்கிறது.

எத்தனை ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்? திரும்ப வாங்க முடியுமா? எந்தக் கடையிலிருந்து முடியுமோ அந்தக் கடையிலிருந்து எடு. இதற்குப் பதில் உடனே வேண்டும்.

லலிதா


கோட்டாறு
15-1-1954

என் அன்பு லலிதம்,

பொங்கல் நாளில் உன் கோபம் வந்து சேர்ந்தது. இரு, நான் சொல்வதைக் கேள்.

இரண்டாவது படத்தைத்தான் போடச் சொன்னேன். சத்தியம். அச்சுக்கூடத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது அவர்களும் கொழுந்தனாருமாகச் சேர்ந்து, "முதுகப் பாத்து யாரு பொடி வாங்குவா?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியும்போது கட்டுக் கட்டாக வண்டி ஏறிவிட்டது. இனித் திரும்ப வாங்குவது நடக்காத காரியம்.

ஆனால் நல்லதையும் பார். அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு குடைக் கம்பெனிக்காரர், தூத்துக்குடியில் ஒரு தீப்பெட்டிக்காரர், எல்லாரும் "எங்களுக்கும் இப்படி ஒரு நிலையத்தோடு கூட்டுச் சேர வழி சொல்லுங்கள்" என்று எழுதுகிறார்கள். நாம் இரண்டு பேரும் ஆரம்பித்தது, லலிதம்! இன்னும் எத்தனை பெண்களுக்கு வேலை கிடைக்கும்! நீ ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாய். அந்த முகம் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது தெரியுமா? பார்க்கிறவர்களுக்கெல்லாம் மனசு இளகுகிறது.

உன் சூடா


ஸ்ரீவராகம்
22-2-1954

சூடா,

மனசு இளகிய ஒருவர் நேற்று வந்தார். பெயர் ராஜையன். மார்த்தாண்டத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் பெண்டாட்டியைப் பார்த்தாராம். கடைக்காரனிடம் கேட்டுக் காலண்டரையே வாங்கிச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். வெள்ளை ஜிப்பா, விபூதி, ரொம்ப மரியாதை.

அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். காலண்டரை என் மேஜையில் விரித்தார். "ஊரு பூரா படம் போட்டுத் தொங்க விட்டிருக்கிய. எனக்கு மட்டும் காட்டமாட்டியளோ?" என்றார். பிறகு வாசலில் நின்றுகொண்டு, "உலகம்மே! ஏ உலகம்மே!" என்று கூப்பிட்டார். கொட்டகையில் மெஷின் நின்றது. யாரும் வெளியே வரவில்லை. அவள் பெயர் உலகம்மை என்று நேற்றுத்தான் மற்றப் பெண்களுக்குத் தெரிந்தது.

இன்று வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தெரிந்துதான் குழந்தையைக் கேட்கிறார். தகப்பனுக்குத்தான் உரிமை என்று கோர்ட்டில் சொல்லிவிடுவார்கள். வஞ்சியூரில் வக்கீல் ஸ்ரீகண்டனைப் பார்த்தேன். "கேஸ் உண்டு மாமி. காது ஒண்ணே போறும். டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிடலாம். பக்ஷே தனியா நின்னா இழுத்துண்டே போவான். அந்தக் கம்பெனி கூட நிக்கட்டும், படம் எப்படி வெளியே வந்ததுன்னு சொல்லட்டும்" என்றார்.

ஆகவே கேட்கிறேன். நீ வந்து கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் போட்ட படம் என்று சொன்னால் போதும். சாரதா சாப்பிடவில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா, தங்கத்த விட்டுருவியளா?" என்று கேட்டாள். விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், சூடா. உன்னை நினைத்துத்தான் சொன்னேன்.

லலிதா


கோட்டாறு
5-3-1954

என் லலிதத்துக்கு,

உன் கடிதத்தை அவர்களிடம் காட்டினேன். கோர்ட்டு என்றதும் பிடிவாதமாக மறுத்துவிட்டார்கள். பேப்பரில் பொடியின் பெயரும் கேஸும் ஒரே வரியில் வந்தால் யார் வாங்குவார்கள்? அப்புறம் உன் நிலையத்துக்கு யார் வேலை தருவார்கள்? அதையும் நினைத்துப் பார்.

அதனால் வேறொரு வழி பண்ணியிருக்கிறார்கள். அந்த ராஜையனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆள் வேலையில்லாமல்தான் இப்படித் திரிகிறான். எங்கள் கிடங்கிலேயே வேலை கொடுத்தாயிற்று. பின்பக்கத் தெருவில் ஒரு வீடும் உண்டு. இனிக் கை நீட்டமாட்டேன் என்று சுசீந்திரத்துத் தாணுமாலயனைச் சொல்லி அவர்கள் முன்னால் சத்தியம் பண்ணினான். கண் கலங்கினான், லலிதம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

லீலாபாய் அம்மாளுக்கும் சம்மதம். நாளை காலை எங்கள் கார் வருகிறது. பிரிந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்று இருக்கட்டும். குழந்தையும் தாயும் பிரியவில்லை, உனக்கும் கேஸ் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

உன் சூடா


ஸ்ரீவராகம்
10-4-1954

சூடாமணிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே உன் கார் வந்துவிட்டது. நான் அந்த நேரம் வஞ்சியூரில் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு வக்கீல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். லீலாபாய் அம்மாள் அவளிடம், "போனால் குழந்தையோடு இருப்பாய், போகாவிட்டால் கோர்ட்டில் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவான்" என்று சொல்லியிருக்கிறார். அவள் துணியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். என்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளக் காத்திருக்கவா என்று கேட்டாளாம். டிரைவருக்கு நேரமில்லையாம்.

போன வாரம் நான் கோட்டாறு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கிடங்குக்குப் பின்பக்கத் தெருவில் அவளைக் கண்டுபிடித்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒன்றுமில்லை, கன்னத்தில் அடிக்காதபடி ராஜையன் கற்றுக்கொண்டுவிட்டார். கைவளையல்களை முழங்கை வரை ஏற்றி விட்டிருந்தாள், அதுவும் ஒரு கையில் மட்டும். நான் உட்காரப் போனேன். "வேண்டாம்மா. நீங்க பேசிட்டுப் போயிருவிய. பொறவு நாந்தான பதில் சொல்லணும்? இனி வராதிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "தங்கத்துக்கு அந்தப் பாட்டெல்லாம் மறந்து போச்சு" என்றாள். அதற்குள் உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டாள்.

உன் வீட்டுச் சுவர் அங்கிருந்து தெரிகிறது. நீ கதவுக்குப் பின்னால் நின்று அவன் கண் கலங்கியதைப் பார்த்தாயே, ஜன்னலைத் திறந்தாலே அந்த வீடும் தெரியுமே!

திரும்பி வந்ததும் பெண்களைக் கூட்டி, தாணு விலாஸ் வேலை நமக்கு வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்றேன். எங்களில் மூத்தவள் சுப்புலக்ஷ்மிதான் முதலில் பேசினாள்: "எழுதிடுங்கோ மாமி. நாளைக்கு மெஷின்ல என்னத்தைப் போட்டு அரைக்கறது, உங்க கோபத்தையா?" சிலர் சிரித்தார்கள். ஒருத்தி அழுதாள். பிறகு எல்லாரும், வேலை இருக்கட்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. சாரதா போன இடத்துக்கு அவர்களில் யாரும் போக விரும்பவில்லை. வேலை போனால் போக வேண்டி வரும். அதை அவர்களிடம்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வேலையை விட முடியாது. ஆகவே வேறொன்றை விடுகிறேன்.

லலிதாம்பாள்


கோட்டாறு
2-5-1954

என் அருமை லலிதம்,

உன் கடிதத்தைப் படித்து நான் அழுத அழுகை அவர்களுக்கே தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாயே. திறந்தேன். தெரிகிறது. அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். வேறென்ன செய்ய முடியும் சொல்? வேலையை விட்டு எடுத்தால் அவளையும் எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய்விடுவான். நீயும் நானும் நல்லதைத்தானே நினைத்தோம்? நல்லது செய்யப் போகிற இடத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகத்தான் செய்யும்.

ஆனியில் என் மகள் ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம். இதோடு பத்திரிகை வைத்திருக்கிறேன். அவள் பிறந்தபோது முதல் பட்டுச் சட்டை தைத்து அனுப்பினது நீ. நீ வராமல் எனக்கு அது கல்யாணமாகவே இருக்காது. கோபத்தை நேரில் வந்து கொட்டிக்கொள். இரண்டு நாள் முன்னாலேயே வா.

உன் பழைய சூடா


மாதர் நிலையம்,
ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
17-5-1954

ஸ்ரீமதி சூடாமணி அம்மாள் அவர்கள்,
பங்குதாரர், தாணு விலாஸ், கோட்டாறு.

அம்மணி,

தங்கள் 2-5-1954 கடிதம் கிடைத்தது.

பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் வந்து சேர்ந்தன. வெட்டிவேர் ஈரமாக இருந்ததால் வெயிலில் காயவைத்திருக்கிறோம். பொட்டலங்கள் வழக்கம்போல் மாதக் கடைசி லாரியில் வரும்.

கூட்டு ஏற்பாடு தொடர்வதற்கு நிலையப் பெண்கள் ஏகமனதாக விதித்துள்ள நிபந்தனைகள்: பொட்டலத்திலோ விளம்பரத்திலோ நிலையத்தின் பெயர், ஊர், படம் எதுவும் வரக்கூடாது. கம்பெனியைச் சேர்ந்த எவரும் கொட்டகைக்குள் வரக்கூடாது. சரக்கை வாசலில் இறக்கிவிட வேண்டும். கமிட்டித் தலைவி ஸ்ரீமதி லீலாபாய் அம்மாள் இதற்குக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சம்மதமானால் மறுதபாலில் ஒரு வரி போதும்.

தங்கள் இல்லத் திருமண அழைப்பிதழும் கிடைக்கப் பெற்றோம். நிலையத்தின் சார்பில் மணமக்களுக்கு வாழ்த்துக்கள். வேலை நாளாதலால் இங்கிருந்து யாரும் வர இயலாது.

இப்படிக்கு,
லலிதாம்பாள், பி.ஏ.,
செயலாளர்.