இந்த ஊருக்கு வராத சட்டம்

என் அன்பு அக்கா செல்லம்மாவுக்கு,

விடிகாலையில் ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கினால் எனக்கு உன் ஞாபகம்தான். அந்த வெளுப்புக்குள் பதின்மூன்று வயதுப் பெண்ணாகவே நீ வாளி தூக்கிப் போகிறாய். கூப்பிட்டால் திரும்புவாய் போலிருக்கிறது. இதுவரை கூப்பிட்டதில்லை. திரும்பிவிட்டால் உன்னிடம் என்ன சொல்வது?

இன்று சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீ பெற்றுப்போட்டுக் கண்மூடிய உன் மகள் வள்ளிக்குப் பன்னிரண்டு வயதாகிறது. அப்படியே உன் சாடை. ரப்பர்ப் பால் எடுக்கும் வாளியைக் கழுவப் போனால் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டு நேரம் போவதே தெரியாமல் நிற்பாள். அவளைச் சிகாமட் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மகனுக்குக் கொடுப்பதாக அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். பிரசவத்தில் உன்னைப் பறிகொடுத்த அதே மனிதர்தான், அக்கா.

பரிசம் போட அவர்கள் வந்த அன்று, நம் தோட்டத்துக் கடைக்கார அண்ணன் சிங்கப்பூர்ப் பத்திரிகையோடு வந்து நின்றார். பதினாலு வயது நிரம்பாத பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் தண்டனை என்று இந்தியாவில் சட்டம் போட்டிருக்கிறார்களாம். தாம்பாளத்தை நீட்டிய கை அப்படியே நின்றது.

"அது இந்தியாவுலதானே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அங்கயும் வெள்ளைக்காரன், இங்கயும் வெள்ளைக்காரன். சட்டம் மட்டும் வேறயா இருக்குமா?" என்ற அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ ஆஸ்பத்திரியில வேல பாக்குறவ. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் நாம் இருக்கும் ஜொகூருக்குச் செல்லாது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா முதல் நாள்தான் சொல்லியிருந்தார்.

"ஆமா அத்தான், இங்கயும் உண்டு. புடிச்சா ஜெயில்தானாம்" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"பொண்ணு எங்க போயிடப் போறா? பொறுத்துப் பாத்துக்கலாம்" என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பொய்தான். பாவம் சேருமா? உன் கல்யாணத்தன்று யாராவது இப்படி ஒரு பொய் சொல்லியிருந்தால், இந்நேரம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க மாட்டாயா?

என்றைக்காவது உண்மை வெளியாகும். அத்தான் கோபமாக வந்து நிற்பார். "இங்க ஏதுடி சட்டம்?" என்று கேட்பார். நான் இருக்கிறேன் என்பேன். அவளைக் கொடுக்க விடமாட்டேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளை என் மகளாக வளர்க்கும்,
உன் தங்கை பொன்னம்மா