ஆறு விசிலில் கரைந்த மட்டன்

அன்புள்ள பிளெசிக்கு,

ஆண்டவர் கிருபையால் மாரெட்பள்ளியில் நானும் அம்மாவும் சுகம், ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்ட உன் தம்பி ஃபிரெடியும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம்.

அம்மாவிடம் பேசி முடித்ததும் போனை வைத்துவிடுகிறாய், என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை, காரணம் எனக்கும் தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் சிரிக்கிற சமாசாரம். செடிகொடியில் செய்த மட்டன் என்று சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்களே, போன சனிக்கிழமை அம்மா சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அதில் ஒரு பாக்கெட் வாங்கி வந்து நானே சமையலில் இறங்கினேன். ஐந்து நிமிடம் வதக்கினால் போதும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் வேகிறதெல்லாம் ஒரு மட்டனா, எனக்கே சொல்லிக்கொடுக்கிறாயா என்று பப்பாளிக்காயை அரைத்துத் தடவி, தயிரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டேன். திறந்தால் ஒரு துண்டுகூட இல்லை, எல்லாம் கூழ். அம்மா வந்து எட்டிப் பார்த்து, என்னங்க இது கோலம் என்று தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஃபிரெடி முதலில் நக்கோ டாடி, எனக்கு வேண்டாம் என்று நழுவப் பார்த்தான், பிறகு என்ன தோன்றியதோ, அவனே வெங்காயம் பொரித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நன்றாகக் கிண்டி, டாடி, கறியைக் கூழாகக் கடைகிற ஹலீம்தான் இது என்றான். நம்பமாட்டாய், மூன்று பேருமாகச் சட்டியை வழித்துவிட்டோம், அதிகம் தின்றது நான்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ கறியை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றபோது, இது கறி தின்கிற வீடு, உனக்காக இன்னொரு அடுப்பு பற்றவைக்க முடியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். நீ வெறும் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு மறுநாளே கிளம்பினாய், ஏர்போர்ட்டுக்குக்கூட நான் வரவில்லை. தப்பு என்னுடையது, பிளெசி. இந்த வருஷம் லீவு சந்தேகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். லீவு கிடைக்கவில்லையா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காமல் செய். கறிக்கடைக்காரரிடம் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாதி போதும் என்று சொல்லி வந்தேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறிவிட்டார் மனிதர், இல்லை, மகள் வருகிறாள் என்றேன். சீக்கிரம் டிக்கெட் போடு, அவரிடம் என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் அப்பா,
கிதியோன்