மஞ்சள் காட்டிக்கொடுக்காத ஆசிட்

நாமகிரிப்பேட்டை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நானும் சௌக்கியம். உங்கள் தங்கை தீபிகாவுக்குக் கன்னத்து எரிச்சல் அடங்கித் தோல் உரிந்து வருகிறது. தழும்பு நிற்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நேற்று போனில் இதைச் சொல்ல விடாமல், "நான் ஊட்டுக்கு வாரதுக்குள்ள அந்த ஆசிட்டையெல்லாம் தூக்கி வீசீரு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் போர்வெல் ரிக் லாரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு சத்தீஸ்கர் வரும் சின்னராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், சீரம் செய்ய நான் வைத்திருக்கும் லாக்டிக் ஆசிட்டை தீபிகா கரண்டியால் மொண்டு முகத்துக்கு சீரம் கலக்கியிருக்கிறாள். சோதித்தும் பார்த்தாளாம், மஞ்சள் தூளைப் போட்டு. நிறம் மாறவில்லை, பயமில்லை என்று பூசிக்கொண்டாள். மஞ்சள் சுண்ணாம்புக்குத்தான் சிவக்கும், ஆரத்தி கரைக்கும்போது பார்க்கிறோமே. ஆசிட்டுக்கு அது அப்படியேதான் இருக்கும். மஞ்சள் விளைகிற ஊர்ப் பெண் மஞ்சளை நம்பிவிட்டாள். இப்போது பாட்டில்கள் எல்லாம் பீரோவில், சாவி என் இடுப்பில்.

ஆனால் வீச மாட்டேன். கல்யாணமாகி வந்த பிறகு நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது இந்த சீரம் செய்வது ஒன்றுதான். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துத்தான் எடுப்பேன். சமையல் பாத்திரம் எதையும் தொடமாட்டேன், கண்ணாடி பீக்கர் தனியாக இருக்கிறது. தண்ணீரில்தான் ஆசிட்டை விடுவேன், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பி.எச். பட்டை மூன்றரைக்குக் கீழே காட்டினால் முகத்துக்கு எடுக்கவே மாட்டேன். சரியாக வந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்ப்பேன். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. "ஏஞ் சாமி, வெல்டிங் பட்டறைக்கா கெளம்பீட்ட?" என்று அத்தை சிரிக்கிறார்.

என்னிடம் கத்துகிற நீங்கள் லாரி பேட்டரியில் எப்படிக் கை வைக்கிறீர்கள்? பொங்கலுக்கு வந்தபோது உங்கள் சட்டையில் ஆசிட் தின்ற ஓட்டைகளைத் தைத்தது நான்தான். புருவத்துக்கு மேலே இருந்த பொட்டுப் புண்ணையும் பார்த்தேன். கேட்டதற்குக் கொசு கடித்தது என்றீர்கள். அதற்கு ஒரு விரல் கீழே கண். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

சின்னராஜ் அண்ணன் தரும் பையில் தடித்த கையுறையும், என்னுடையதைப் போலவே ஒரு கண்ணாடியும் இருக்கின்றன. கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், போட்டுக்கொள்ளுங்கள். என் பாட்டில்களை வீசுவதா வேண்டாமா என்று, வந்து நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். பார்ப்பதற்கு இரண்டு கண்ணோடும் வந்து சேருங்கள் மாமா.

உங்கள்
சரிதா